எக்ஸ்ரேக்குத் தெரியாத கம்பி

முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பு அகன்று முடியும் இடத்தில் ஒரு கட்டி. ஆளுக்கு வயது இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருக்கும். முதலில் படியேறும்போது வலித்தது, பிறகு படுத்தாலும் வலித்தது. சில மாதம் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் எக்ஸ்ரே எடுத்தால், எலும்பின் நுனி உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது. ஜயன்ட் செல் ட்யூமர் என்று மருத்துவர்கள் சொல்லும் கட்டி பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகிறது. இது புற்றுநோய்க் கணக்கில் வராது. உயிரை எடுப்பது அபூர்வம். ஆனால் எலும்பைத் தின்பதில் புற்றுநோய்க்கு இளைத்ததல்ல. எடுத்த இடத்திலேயே திரும்ப முளைக்கும் பிடிவாதமும் இதற்கு உண்டு. எலும்பிலேயே தோன்றும் கட்டிகளில் இதன் பங்கு மேலைநாடுகளைவிடச் சீனாவிலும் தென்னிந்தியாவிலும் அதிகம் என்று பாடநூல்களே குறிப்பிடுகின்றன.

அறுவை சிகிச்சையில் எலும்பின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டுகிறார்கள். கட்டியின் எந்த மூலையும் கண்ணுக்குத் தப்பாத அளவுக்குப் பெரிய ஜன்னல். க்யூரெட் என்ற கூர்விளிம்புக் கரண்டியை உள்ளே விட்டு, பழுப்பும் சிவப்புமாக இருக்கும் திசுவை வழித்தெடுக்கிறார்கள். வழித்தது போதாது, சுவரின் இண்டு இடுக்குகளில் செல்கள் ஒட்டியிருக்கும். ஆகவே அதிவேகத்தில் சுழலும் பர் முனையைக் கொண்டு சுவரையே ஒரு சுற்றுச் சுரண்டுகிறார்கள். அதற்கும் மேல் பீனால் தடவுவதுண்டு, திரவ நைட்ரஜன் ஊற்றி உறைய வைப்பதும் உண்டு. எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது நான்கைந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெற்றுக் குழி. அதற்கும் மூட்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் எலும்பும் குருத்தெலும்பும்தான் மீதம். நாளைக்கு அந்தக் காலின் மேல் அறுபது, எழுபது கிலோ உடம்பு ஏறி நின்றாக வேண்டும்.

குழியை நிரப்பப் பல காலமாகக் கைவசம் இருக்கும் வழி எலும்பு சிமென்ட். பொடியையும் திரவத்தையும் கலந்து பிசைந்தால் பத்து நிமிடத்துக்குள் இறுகிப்போகும் ஒரு பிளாஸ்டிக் அது. இறுகும்போது சூடேறும், அந்தச் சூட்டில் சுவரோரம் தப்பிய சில செல்களும் சாகும் என்பது உபரி லாபம். இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக சிமென்டில் பேரியம் சல்பேட் போன்ற உப்பைக் கலந்திருப்பார்கள். ஆகவே படத்தில் சிமென்ட் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கட்டி திரும்பி வந்தால், அந்த வெள்ளைக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை விரிய ஆரம்பிக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மருத்துவர் படத்துக்கு மேல் படம் எடுத்துத் தேடுவது அந்தப் பட்டையைத்தான்.

எலும்பு முறிவுக்கு வைக்கும் ராடும் பிளேட்டும் எலும்பு ஒட்டும்வரை தாங்கினால் போதும். கட்டியை எடுத்த இடத்தில் வைப்பதற்கு அந்த வேலையோடு இன்னொரு வேலையும் உண்டு: பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் இருக்க வேண்டும். கார்பனால் செய்த இம்பிளான்ட்கள் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வலிமையையும் எடைக்குறைவையும்தான் முதலில் சொல்கிறார்கள். விமானமும் பந்தயக் காரும் அந்தப் பேச்சில் கட்டாயம் வந்துவிடும். எனக்கென்னவோ எலும்புக் கட்டி மருத்துவத்தில் கார்பனுக்கு இடம் கிடைத்ததற்கு இந்த இரண்டாவது வேலைதான் முதல் காரணம் என்று தோன்றுகிறது. வலிமைக்கு டைட்டானியமே தாராளமாகப் போதும்.

காலை வைத்துக்கொண்டே கட்டியை எடுப்பது என்பதே பழைய வழக்கம் அல்ல. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் வந்தது 1977-இல். முழங்காலுக்கு மேலே வலது காலை எடுத்துவிட்டார்கள். 1980-இல் செயற்கைக் காலோடு அவர் தன் நாட்டின் குறுக்கே ஓடிய ஓட்டத்தை உலகமே பார்த்தது. அன்றைக்கு அதுதான் சரியான சிகிச்சை. இந்தப் புற்றுநோய் அதிகம் தாக்குவது பத்திலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருவது முழங்காலைச் சுற்றித்தான். காலை எடுத்தாலும் அந்நாளில் ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. கண்ணுக்குத் தெரியாத விதைகள் அதற்குள் நுரையீரலுக்குப் போயிருக்கும். 1970-களில் மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் வந்தபின் கதை மாறியது. கட்டி பரவாத நிலையில் பிடிபட்டவர்களில் பத்தில் ஆறேழு பேர் பிழைக்க ஆரம்பித்தார்கள். பிழைப்பவர் அறுபது வருடம் நடக்கப்போகிறார் என்றால் அவருக்குக் கால் வேண்டும். எலும்பில் விழும் பள்ளத்தை அடைப்பது தனி ஒரு கலையானது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கலையில் விசித்திரமான வழிகளெல்லாம் உண்டு. நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்தோ கெண்டைக்கால் எலும்பிலிருந்தோ துண்டெடுத்து வைப்பது ஒன்று. உயிருள்ள எலும்பு என்பதால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் எடுக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். இறந்தவர்கள் தானம் செய்த எலும்பை வங்கியிலிருந்து வாங்கி வைக்கலாம். அது சில சமயம் ஒட்டாது, சில சமயம் உடையும், சீழும் பிடிக்கும். இந்தியாவிலும் செய்யப்படும் இன்னொரு முறை இருக்கிறது. கட்டி பிடித்த எலும்புத் துண்டை அப்படியே அறுத்தெடுத்து, சதையைச் சுரண்டி, கிருமி புகாதபடி பல சுற்றுப் பொதிந்து, கதிரியக்கச் சிகிச்சை அறைக்கு ஒருவர் தூக்கிக்கொண்டு போவார். அங்கே ஒரே மூச்சில் 50 கிரே கதிர்வீச்சு. உடம்புக்குள் வைத்துக் கொடுக்க முடியாத அளவு அது. எல்லாச் செல்லும் செத்தபின் அதே எலும்பைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் பொருத்தி பிளேட் போடுவார்கள். அதுவரை நோயாளி மேசையில் திறந்த காலோடு காத்திருப்பார். செலவு குறைவு, அளவு எடுக்கவே வேண்டாம், சொந்த எலும்பு பிசகில்லாமல் பொருந்தும்.

மூட்டோடு சேர்த்து எடுக்க வேண்டி வந்தால் மெகா புராஸ்தசிஸ் என்ற பெரிய உலோகச் செயற்கை மூட்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மயில்வாகனன் நடராஜன் 1980-களின் இறுதியிலிருந்து நோயாளிக்கு நோயாளி அளவெடுத்து, உள்நாட்டிலேயே இவற்றைச் செய்வித்துப் பொருத்திவந்தார். வெளிநாட்டுப் பொருளுக்குக் காசு இல்லாத நூற்றுக்கணக்கானவர்களின் கால் அதனால் தப்பியது. இந்த இடத்தில் கார்பன் இன்னும் உலோகத்துக்குப் போட்டியே இல்லை. கார்பனுக்கு வேலை வருவது எலும்பில் பாதி மிஞ்சியிருக்கும் இடங்களில்: குழியை நிரப்ப, மெலிந்த எலும்புக்குத் துணை நிற்க, முதுகெலும்பைப் பிடித்து நிறுத்த.

உலோகத்தில் என்ன குறை என்று கேட்டால் முதலில் இயற்பியல்தான் பதில் சொல்லும். எக்ஸ்ரே கதிரை ஒரு பொருள் எவ்வளவு விழுங்கும் என்பது அதன் அணு எண்ணைப் பொறுத்தது. படம் எடுக்கப் பயன்படும் ஆற்றலில், விழுங்கும் அளவு ஏறக்குறைய அணு எண்ணின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. கார்பனின் அணு எண் 6, டைட்டானியத்துக்கு 22. கணக்குப் போட்டால் ஒரே எடையில் டைட்டானியம் சுமார் ஐம்பது மடங்கு அதிகம் விழுங்கும். சி.டி. ஸ்கேனில் உலோகத்தைச் சுற்றி நட்சத்திரக் கீற்றுகளாக வெள்ளையும் கறுப்பும் தெறிப்பது இதனால்தான். எம்.ஆர்.ஐ.யில் காரணம் வேறு: உலோகம் காந்தப்புலத்தைக் கோணலாக்கிவிடுவதால் அக்கம்பக்கத்துப் படம் நெளிந்துபோகிறது. விளைவு என்னவோ ஒன்றுதான். இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் நடந்துபோகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதைப்போல, கம்பியை ஒட்டி முளைக்கும் கடுகளவு கட்டி தெரியாமல் போய்விடுகிறது. அதுவும் கட்டி திரும்ப முளைப்பது பெரும்பாலும் கம்பியை ஒட்டிய அந்தப் பகுதியில்தான்.

பார்ப்பதோடு போகவில்லை. அறுவைக்குப் பிறகு பலருக்குக் கதிர்வீச்சும் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்ற திட்டத்தைக் கணினி சி.டி. படத்தை வைத்துத்தான் போடுகிறது. படத்தில் கீற்று இருந்தால் கணக்கில் பிழை வரும். சாதாரணக் கதிர்வீச்சில் உலோகத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிகமும் பின்னால் கொஞ்சம் குறைவுமாக விழும். புரோட்டான் சிகிச்சையில் சிக்கல் இன்னும் கூடுகிறது. புரோட்டான் துகள் உடம்புக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழம்வரை போய், அங்கே தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதுதான் அதன் சிறப்பு. வழியில் என்ன இருக்கிறது என்று மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிந்தால்தான் அது சரியான இடத்தில் நிற்கும். முதுகெலும்புக் கட்டி என்றால் அந்த இடத்துக்கு அடுத்தாற்போல் இருப்பது தண்டுவடம். பிசகினால் கட்டி தப்பும், அல்லது கால் விழும்.

சுவிட்சர்லாந்தின் பால் ஷெர்ரர் ஆய்வுக் கூடம் புரோட்டான் சிகிச்சையில் முன்னோடி. கார்டோமா என்ற முதுகெலும்புக் கட்டிக்கு அங்கே சிகிச்சை பெற்றவர்களின் விவரம் 2011-இல் வெளியானது. டைட்டானியக் கம்பி வைத்து முதுகெலும்பை நிறுத்தியவர்களுக்குக் கட்டி திரும்பி வந்தது மற்றவர்களைவிட மிக அதிகம். பழி முழுவதையும் உலோகத்தின் மேல் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பி தேவைப்பட்டவர்களுக்குக் கட்டியே பெரிதாக இருந்திருக்கலாம், அறுவையும் கடினமாக இருந்திருக்கலாம். ஆனாலும் கதிர்வீச்சு மருத்துவர்கள் அறுவை மருத்துவர்களிடம் வேறு ஏதாவது வைக்க முடியுமா என்று கேட்க ஆரம்பித்ததற்கு இப்படிப்பட்ட விவரங்கள்தான் காரணம். இது தூரதேசத்துப் பிரச்சினையும் அல்ல. தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது 2019-இல், சென்னையில். ஜப்பானின் சிபாவில் 1994 முதல் புரோட்டானுக்குப் பதில் கார்பன் அணுக்கருக்களையே கதிராகப் பாய்ச்சி எலும்புக் கட்டிகளைச் சுடுகிறார்கள். உள்ளே தாங்குவதும் கார்பன், வெளியிலிருந்து சுடுவதும் கார்பன் என்ற வேடிக்கையும் ஆகக்கூடியதுதான்.

மூன்றாவது குறை விறைப்பு. எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும், பாரம் போனால் தன்னைக் கரைத்துக்கொள்ளும். பெர்லினில் யூலியஸ் வொல்ஃப் 1892-இல் நூலாகவே எழுதிவைத்த விஷயம் இது. எடையில்லாத விண்வெளியில் மாதங்களைக் கழிக்கும் வீரர்களுக்கு இடுப்பு எலும்பின் தாது மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. விறைப்பை கிகாபாஸ்கல் என்ற அளவில் சொல்வார்கள். கெட்டியான புற எலும்புக்கு அது 15 முதல் 20. டைட்டானியக் கலவைக்கு 110. எஃகுக்கு 200-ஐ ஒட்டி. பக்கத்தில் இவ்வளவு விறைப்பான ஒன்று நின்றால் பாரம் முழுவதும் அதன் வழியே இறங்கிவிடும். எலும்பு வேலையில்லாமல் மெலியும். கார்பன் சார்ந்த பொருள்களை எலும்பின் விறைப்புக்கு நெருக்கமாகவே செய்ய முடிகிறது.

கார்பன் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அறுவை அரங்குக்கு வருவது ஒன்றல்ல. மூன்று வகை என்று சொல்லலாம், மூன்றுக்கும் பிறந்த வீடு வேறு.

முதலாவது பைரோகார்பன். அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் அணு உலை எரிபொருள் மணிகளுக்கு மேல்பூச்சு தேடிக்கொண்டிருந்தவர் ஜாக் போக்ரோஸ். புரோப்பேன் போன்ற வாயுவை ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது சிதைந்து, அதிலுள்ள கார்பன் மட்டும் பக்கத்தில் இருக்கும் பொருளின் மேல் அடுக்கடுக்காகப் படியும். இரத்தம் இதன் மேல் எளிதில் உறைவதில்லை என்பதைக் கண்டு 1960-களின் பிற்பகுதியில் செயற்கை இதய வால்வுகளுக்கு இதைப் பூசினார்கள். இன்றைக்கும் உலகில் வைக்கப்படும் இயந்திர வால்வுகளில் பெரும்பாலானவற்றின் இதழ் இதுதான். விரல் மூட்டுகளுக்கும் போனது. உடம்பு கார்பனை வெளியாள் என்று விரட்டுவதில்லை என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிக நீண்ட சாட்சியம் இந்த வால்வுகள்.

இரண்டாவது, கார்பன் இழைகளைக் கார்பனாலேயே பிணைத்த கூட்டுப்பொருள். விண்வெளி ஓடத்தின் மூக்கு நுனியில் இருந்தது இந்தக் குடும்பம். மருத்துவத்துக்காகச் செய்யும்போது இழைக் குச்சிகளை முப்பரிமாணச் சட்டமாக அடுக்கி, சூளையில் வாயுவைச் செலுத்தி இடைவெளிகளில் பைரோகார்பனைப் படிய விடுகிறார்கள். முழுக்க அடைபடுமுன் நிறுத்திவிட்டால் நுண்துளைகள் மிஞ்சும். எலும்புக் கட்டியை வழித்தெடுத்த குழியில் இத்தகைய கட்டைகளை வைக்கும் முறை ரஷ்ய எலும்பு மருத்துவத்தில் வேரூன்றியிருக்கிறது. கறுப்பான, கையில் எடுத்தால் லேசான கட்டை அது. பென்சில் முனையைத் தொட்டதுபோல் விரலில் கரி ஒட்டும் வகையும் உண்டு. குழிக்கு ஏற்றபடி மேசையிலேயே அறுத்து, அரத்தால் ராவி, இறுக்கமாகத் தட்டி இறக்கலாம். துளை அளவு சில நூறு மைக்ரான் இருந்தால் அதற்குள் எலும்புச் செல்கள் ஏறும், இரத்தக் குழாயும் ஏறும். கட்டை கரையாது. எலும்பு அதைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் இன்று உலகம் முழுக்கப் பரவிவருவது: பீக் என்ற பிளாஸ்டிக்குக்குள் கார்பன் இழை. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1978-இல் உருவாக்கிய பிளாஸ்டிக் இது. 343 டிகிரியில்தான் உருகும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் எத்தனை முறை வைத்தாலும் ஒன்றும் ஆகாது. தனியாக இருந்தால் விறைப்பு நான்கு கிகாபாஸ்கல்கூடத் தேறாது. ராடாகப் போட்டால் வளைந்துவிடும். இழைதான் அதற்கு முதுகெலும்பு. இழை செய்யப் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலை, நம் கம்பளி சால்வையில் இருக்கும் அக்ரிலிக் நூலின் உறவை, முதலில் காற்றில் இருநூறு முந்நூறு டிகிரியில் பழுக்க வைத்து, பிறகு நைட்ரஜன் சூழலில் ஆயிரத்துக்கும் மேல் சுடுகிறார்கள். மற்ற அணுக்கள் வாயுவாகப் பறந்துபோகும். கார்பன் மட்டும் நீளவாக்கில் அணிவகுத்து நிற்கும். ஒரு இழையின் தடிமன் ஏழு மைக்ரான் அளவு, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் ரோஜர் பேக்கன் 1958-இல் ஒரு வகையாகவும், ஜப்பானின் அகியோ ஷிண்டோ 1960-களின் தொடக்கத்தில் இன்றைய வகையாகவும் இதைக் கண்டார்கள்.

இழையை நறுக்கிக் கலந்தால் விறைப்பு எலும்பை ஒட்டி வருகிறது. நறுக்காமல் நீளமாக விட்டு, அடுக்குக்கு அடுக்குக் கோணம் மாற்றிப் பின்னினால் இன்னும் ஏற்றலாம். எந்தத் திசையில் விறைப்பு வேண்டும், எந்தத் திசையில் நெகிழ்வு வேண்டும் என்று வடிவமைப்பவரே முடிவு செய்யலாம் என்பது உலோகத்தில் கிடைக்காத வசதி. முதுகின் முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் பிராண்டிகன் கூண்டு 1990-களில் இந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. பிறகு தொடை எலும்பின் மஜ்ஜைக் குழலுக்குள் இறக்கும் ராடு, பிளேட், முதுகெலும்பு ஸ்க்ரூ என்று வரிசையாக வந்தன.

இத்தனை நல்லதைச் சொன்னபின் பழைய தோல்விகளையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1970-களில் வேல்ஸின் கார்டிஃபில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவர், அறுந்த முழங்கால் தசைநாருக்குப் பதிலாகக் கார்பன் இழைக் கற்றையை வைத்தார். இழையைச் சுற்றிப் புதுத் தசைநார் வளரும் என்பது எண்ணம். விலங்குகளில் வளரவும் செய்தது. மனித முழங்காலில் மடக்கி நீட்டி மடக்கி நீட்டி இழைகள் நொறுங்கின. மூட்டைத் திறந்து பார்த்தவர்கள் உட்சவ்வு முழுக்கக் கரும்புள்ளிகளைக் கண்டார்கள். அதே பத்தாண்டில், செயற்கை முழங்காலின் பாலிஎத்திலீன் தட்டுக்குள் கார்பன் இழையைக் கலந்து தேய்மானத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். இழையும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, தட்டு வெடித்தது. இரண்டும் கைவிடப்பட்டன. கார்பன் விஷம் என்று இதற்கு அர்த்தமில்லை. இழையைத் தனியாக விட்டால் அது இழுவிசையைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. தளர்வாகப் பிணைத்தால் பிணைப்பு விட்டுப்போகும். உராயும் இடத்தில் வைக்கக்கூடாது என்பது அன்று கிடைத்த பாடம். இன்றைய ராடும் பிளேட்டும் மூட்டின் உராய்வுப் பரப்பை விட்டுத் தள்ளியே இருக்கின்றன. ஆனாலும் ஸ்க்ரூ உரசும் துளையோரம் கருந்துகள் உதிர்வதுண்டு; மறு அறுவையில் சதை கறுத்திருப்பதைப் பார்த்த மருத்துவர்கள் உண்டு. அது நெடுநாளில் என்ன செய்யும் என்பதைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அறுவை அரங்கில் வேறு தொல்லைகள். உலோக பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப மேசையிலேயே வளைத்துக்கொள்வது எலும்பு மருத்துவரின் கைப்பழக்கம். பெண்டர் என்ற இரட்டைக் கைப்பிடிக் கருவியில் வைத்து ஓர் அழுத்து, எலும்பின் மேல் வைத்து ஒரு பார்வை, இன்னோர் அழுத்து. கார்பன் பிளேட்டை அப்படி வளைக்க முடியாது. வளைக்கப் போனால் அடுக்கு பிரியும், இழை முறியும். ஆலையில் செய்துவந்த வளைவுக்கு எலும்பு ஒத்துவர வேண்டும், இல்லையென்றால் வேறு அளவை எடுக்க வேண்டும். ஸ்க்ரூத் துளைக்கும் இதே கதை.

அடுத்தது, எந்தக் குணத்துக்காகக் கார்பனைத் தேடி வந்தார்களோ அதுவே மேசையில் இடைஞ்சல் ஆகிறது. ராடை உள்ளே செலுத்தும்போது சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் ஸ்க்ரூத் துளையைக் கண்டுபிடிப்பார்கள். கார்பன் ராடு அதில் நிழல்கூட விழாமல் கிடக்கும். அதனால் ராடுக்குள் நீளவாக்கில் டான்டலம் என்ற கன உலோகத்தின் மெல்லிய இழையையும், துளை விளிம்புகளில் டான்டலப் புள்ளிகளையும் பதித்துவிடுகிறார்கள். டான்டலத்தின் அணு எண் 73. முடி அளவு இருந்தாலே பளிச்சென்று தெரியும். ஸ்க்ரூக்கள் பல சமயம் டைட்டானியமாகவே இருக்கின்றன. ஆக, கார்பன் இம்பிளான்ட் என்பது முழுக்கக் கார்பன் அல்ல. உலோகத்தைத் தேவையான இடத்தில் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, கதிர் போகும் வழியைத் திறந்துவிட்ட ஏற்பாடு.

பீக் பிளாஸ்டிக்கின் மேல் எலும்பு ஒட்டுவதில்லை. உடம்பு அதை விரட்டுவதும் இல்லை, அணைத்துக்கொள்வதும் இல்லை. நடுவில் மெல்லிய நார்த்திசு படர்ந்துவிடும். ராடு, பிளேட் என்றால் பரவாயில்லை, எலும்பு ஒட்ட வேண்டியது எலும்போடுதான். முதுகெலும்பு ஸ்க்ரூவுக்கு அது குறை. அதற்காக ஸ்க்ரூவின் மேல் படத்தைக் கெடுக்காத அளவுக்கு மெல்லிய டைட்டானியப் பூச்சு கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் துளையுள்ள கார்பன்-கார்பன் கட்டை ஒரு படி மேல். ஆனால் கட்டை எந்தக் காலத்திலும் எலும்பாக மாறாது. இளம்பிள்ளையின் எலும்பு வளரும்போது கட்டை வளராது, சீழ் பிடித்தால் மருந்து அதன் உள்ளறைகளை எட்டுவதும் கடினம். நோயாளியின் சொந்த எலும்பு போதுமான அளவு கிடைக்குமென்றால், சின்னக் குழிக்கு இன்றும் அதைவிட நல்ல பொருள் கிடையாது.

கிராபீன், கார்பன் நானோகுழாய் என்று அடுத்த தலைமுறையைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அகச்சிவப்பு ஒளி பட்டால் சூடேறி, குழியில் மிஞ்சிய கட்டிச் செல்களைக் கொன்று, பிறகு அதே சட்டத்தின் மேல் எலும்பை வளர்க்கும் பொருள் என்ற யோசனை கவர்ச்சியானதுதான். இவை ஆய்வகப் பாத்திரத்திலும் எலியிலும் இருக்கின்றன. எலியின் எலும்பு எதை வைத்தாலும் ஓரளவு ஆறிவிடும் என்பது எலும்பியல் ஆய்வில் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால், கார்பன் ராடும் பிளேட்டும் டைட்டானியத்தைவிட அதிகமாக உடைவதில்லை, சிக்கல்களும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பது இதுவரை வந்த ஒப்பீடுகளின் பொதுவான போக்கு. பெரும்பாலானவை ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதியவை. சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் அரிது. படம் தெளிவாக வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. படம் தெளிவாக வந்ததால் கட்டி முன்கூட்டியே பிடிபட்டு நோயாளி கூடுதல் காலம் வாழ்ந்தார் என்று காட்டுவதுதான் கடினம்.

இந்தியாவில் இப்பொருள்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்பு. விலை டைட்டானியத்தைவிட நன்றாகவே கூடுதல். அதனால் யாருக்கு என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவுவது, எலும்பிலேயே தோன்றும் கட்டிகளைவிடப் பல மடங்கு அதிகம். தொடை எலும்பு இன்றோ நாளையோ முறியும் என்ற நிலையில் வருகிறவர்கள் உண்டு. இடம், வலி, அரிப்பின் தன்மை, அளவு என்ற நான்குக்கும் மதிப்பெண் போட்டு, பன்னிரண்டில் ஒன்பதோ அதற்கு மேலோ வந்தால் முறியும் முன்பே ராடு போட்டுவிடலாம் என்று ஹில்டன் மிரெல்ஸ் 1989-இல் வகுத்த கணக்கை இன்றும் பின்பற்றுகிறார்கள். அப்படி வருபவர் உடம்பெங்கும் நோய் பரவி, சில மாத ஆயுளோடு இருக்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது வலி குறைந்து எழுந்து நடமாடுவது. வலிக்கு ஒரே தடவையாக 8 கிரே கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம். அதற்கு மில்லிமீட்டர் கணக்கு தேவையில்லை. அவருக்கு டைட்டானிய ராடே சரி. கார்பனுக்காகக் குடும்பம் கடன் வாங்குவதை எந்த மருத்துவரும் ஊக்குவிக்கக் கூடாது.

அதே தொடையில், ஒரே இடத்தில் மட்டும் பரவிய தைராய்டு அல்லது மார்பகப் புற்றுநோய் என்றால் விஷயம் வேறு. இவர்கள் பல வருடம் வாழ்வார்கள். அந்த இடத்தைத் துல்லியமான கதிரால் சுட்டு, பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதுகெலும்பில் கார்டோமாவோ சர்கோமாவோ வந்து, அறுவைக்குப் பின் புரோட்டான் சிகிச்சைக்குப் போகிறவருக்குக் கார்பன் ஸ்க்ரூவும் ராடும் ஆடம்பரம் அல்ல. ஆனால் அந்த முடிவை அறுவைக்கு முன்பே, கதிர்வீச்சு மருத்துவரையும் பக்கத்தில் உட்கார வைத்து எடுக்க வேண்டும். நம்மூரில் பல சமயம் அவர் நோயாளியை முதன்முதலாகப் பார்ப்பது, டைட்டானியம் உள்ளே போய், தையல் பிரித்து, மூன்று வாரம் ஆன பிறகு.

இன்னொன்று, கார்பன் வைத்துக்கொண்டவர்கள் வீட்டில் செய்துவைக்க வேண்டியது. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் கீழே விழுந்து, அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தால், அங்கே இருக்கும் மருத்துவருக்குத் தெரிவது நாலைந்து ஸ்க்ரூவும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றும் சில புள்ளிகளும் மட்டுமே. உள்ளே முழு நீளத்துக்கு ஒரு ராடு இருப்பது அவருக்குப் பிடிபடாமல் போகலாம். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும், சாதாரண டிரில்லை விட்டால் இழை பிரிந்து சதைக்குள் சிதறும். எந்த நிறுவனம், எந்த மாடல், என்ன அளவு என்று அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒவ்வொரு இம்பிளான்ட் பெட்டியிலும் இருக்கும். அறுவை அன்றே அதை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி, செல்போனிலும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.